கதவுக்கு வெளியே ஓர் இருமல்

முதல் மூன்று மாதமும் ரபீகா அந்த மனிதனை ஓர் இருமலாக மட்டுமே அறிந்திருந்தாள். முகம் தெரியாது, பெயரும் தெரியாது. விடியற்காலைத் தொழுகைக்கான சுபஹு பாங்கு ஓய்ந்த சற்று நேரத்தில் கதவுக்கு வெளியே தொண்டையைச் செருமி ஒரு தடவை இருமுவான். உள்ளே இருந்து அவள் அகப்பைக் காம்பினால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். படியில் வைத்திருந்த இடியப்பக் கூடை போய்விடும். வெயில் ஏறுவதற்குள் அதே கூடை அடியில் அரிசியோடு திரும்பி வந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு. ரபீகா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. கண்டியில் அவள் வாழ்ந்த குறுந்தெருவான ஒழுங்கையின் வழக்கப்படி அவனோடு கதவுக்குப் பின்னால் நின்றும் பேசக்கூடாது. இந்த விதியை ஊர் ஒருநாளும் மறப்பதில்லை. அந்த நான்கு மாதமும் அவளுக்குச் சோறு போட வேண்டியது யார் என்ற மறுபாதியைத்தான் வசதியாக மறந்துவிடும்.

அவள் அக்குறணையில் பிறந்தவள். தகப்பனுக்குச் சின்னப் புடவைக் கடை ஒன்று இருந்தது. பதினைந்தாம் ஆண்டுச் சிங்கள-முஸ்லிம் கலகத்தில் அது ஒரே பகலில் சாம்பலானது. அந்தச் சாம்பலுக்கு முன்னால் குந்தியிருந்து தகப்பன் சொன்ன வாக்கியம்தான் மகளுக்குக் கிடைத்த ஒரே சீதனம்: “படியளக்கிறவன் இரிக்கிறான்.” அடுத்த வருடம் அவர் இறந்தார். பதினைந்து வயதில் அவளைக் கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கும் மஹ்மூதுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்து பிள்ளைகள் பிறந்தன. மூன்றைக் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கொடுத்தாள். மிஞ்சியவர்கள் இருவர்: வயதுக்கு வந்து வீட்டோடு இருக்கும் கைரியாவும், நான்கு வயதுப் பாயிஸாவும். ஒவ்வொரு பிள்ளையையும் அடக்கிவிட்டு மஹ்மூத் வீட்டுக்கு வந்தபோது அவள் தகப்பனின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். உற்சாகத்தோடு சொன்னாள் என்று யாரும் எண்ண வேண்டாம். சுமைகாரன் வழியில் கண்ட மதிலில் ஒரு நிமிடம் சாய்வதுபோல அதில் சாய்ந்தாள். பிறகு எழும்பி மா இடித்தாள்.

மா இடிப்பதுதான் அவர்களுடைய பிழைப்பில் பாதி. நகருக்குள் ஹலீம் ஹாஜியாரின் சாப்பாட்டுக் கடைக்கு அவள் தினமும் முந்நூறு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். கடை நாலு கொத்து அரிசி கொடுக்கும், அது இடியப்பமாகத் திரும்ப வேண்டும். கூலியாக மேலே ஒரு கொத்து அரிசி. விடியலில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மஹ்மூத் போவான். கடையில் இறக்கிவிட்டு, அரிசியை வீட்டில் சேர்த்துவிட்டு, சந்தைக்கு மூட்டை தூக்கப் போவான். பதினாறு வருடம் இப்படியே போனது. ஆடி மழையில் நனைந்து ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

ஜனாஸாவை எடுக்குமுன் ஹலீம் ஹாஜியார் வாசலில் நின்று சொன்னது பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த ரபீகாவுக்குத் தெளிவாகக் கேட்டது. ஹாஜியார் கடைக்கு முதலாளி மட்டுமல்ல, பள்ளிவாசலின் தர்மகர்த்தாவும் அவர்தான். “மஹ்மூத் எங்கட ஆள். அவன்ட புள்ளைகள நாங்க பாத்துக்குவோம். படியளக்கிறவன் அல்லாஹ்.”

மூன்று நாள் அக்கம்பக்கத்துச் சோறு வந்தது. அது வழக்கம். நாலாம் நாள் நின்றது. அதுவும் வழக்கம்.

மஹ்மூத் படுக்கையில் விழுந்த அன்று கடையிலிருந்து கொண்டுவந்த நாலு கொத்து அரிசி அப்படியே கிடந்தது. நாலாம் நாள் பகல் ரபீகா அதை ஊறப்போட்டாள். கைரியா உரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யாருக்கு உம்மா இவ்வளவும்?”

“கடைக்கு.”

“யாரு கொண்டு போற? வாப்பாவா?”

ரபீகா ஊறிய அரிசியை வடித்தாள். “அரிசி கடைட அரிசி. இடியப்பமாத் திரும்பிப் போகணும். கொண்டு போற ஆள அல்லாஹ் அனுப்புவான்.”

“அனுப்பாட்டி?”

“காகத்துக்குப் போடுவோம். எனக்கும் ஏலாம இரிக்கி கைரியா. பேசாம உலக்கையப் புடி.”

விடியலில் முந்நூறையும் வாழையிலைக்கு மேல் அடுக்கி, மூடி, கதவை ஒரு சாண் திறந்து கூடையைப் படியில் தள்ளிவிட்டுச் சாத்தினாள். ஆவி பறக்கிற கூடை ஒன்று ஆளில்லாத ஒழுங்கையில் உட்கார்ந்திருந்தது. அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ இருமினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த அகப்பையைத் திருப்பிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கூடை கிறீச்சிட்டு மேலே எழும்பும் சத்தம் கேட்டது.

“ஹாஜியார் ஆள் அனுப்பிட்டாரு,” என்றாள் மகளிடம். சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஹாஜியார் யாரையும் அனுப்பவில்லை. வந்தவன் சுவக்கின்.

சுவக்கின் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மனைவியை அங்கேயே புதைத்துவிட்டு, கண்டிக்கு வந்து தெருக் கூட்டுகிறவன். தாத்தன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். வேதம் மாறினாலும் கோயிலில் அவர்களுக்கு இடம் மாறவில்லை. கதவோரத்து நிலத்தில்தான் முழந்தாள் போட வேண்டும். தேநீர்க் கடைகளில் அவனுக்கு வெளியே நிற்கவைத்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுச் சிரட்டையை அவனே எறிய வேண்டும். மதங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவற்றுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது.

மஹ்மூத் மட்டும் விடியலில் கூடையோடு போகும்போது மதகடியில் இறக்கி வைப்பான். மேலே நசுங்கிப்போன நாலைந்து இடியப்பத்தை எடுத்து, ஒரே இலையில் போட்டு, “வா சுவக்கின், நசுங்கினத ஹாஜியார் எண்ண மாட்டாரு” என்பான். ஆறு வருடமாக இருவரும் ஒரே இலையில் தின்றார்கள். அதற்கு மஹ்மூத் எந்தத் தத்துவமும் சொன்னதில்லை. தனியாகத் தின்ன அவனுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அன்று துடைப்பத்தோடு ஒழுங்கையில் வந்த சுவக்கின் படியில் தனியாக இருந்த கூடையைக் கண்டான். கதவு திறக்காது, யாரும் பேச மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கொஞ்சம் நின்றான். பிறகு இருமினான்.

கடையின் பின்கதவில் சமையல்காரன் றவூப் அவனைக் கண்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

“என்ன சுவக்கின், குப்பைய எடுக்க வாறதா, கொண்டு வாறதா?”

“இன்னிக்குக் கொண்டாந்திருக்கேன் நானா. மஹ்மூத் நானா வீட்டு இடியப்பம்.” முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அவன் கூப்பிடுவான்.

“யாரு அனுப்பின?”

“யாரும் அனுப்பல. கூட வாசல்ல குந்திக்கிட்டு இருந்திச்சு. பாக்க ஒரு மாதிரியா இருந்திச்சு.”

றவூப் முன்பக்கம் எட்டிப் பார்த்தான். பத்து நாளாக இடியப்பம் இல்லாமல் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டு ஆட்கள் அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினான். “முன்னால தலையக் காட்டாத. இந்தப் பக்கமா வா, இந்தப் பக்கமாப் போ. ஹாஜியார்ட கண்ணுல பட்டா ஒனக்கும் சோறில்ல, எனக்கும் இல்ல.” அரிசியை அளந்து கூடையில் கொட்டினான்.

ஒரு மாதம் கழித்து ஹாஜியாரின் மனைவி சித்தி றலியா துக்கம் விசாரிக்க வந்தபோது ரபீகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராத்தா, ஹாஜியார்ட்ட சொல்லுங்க. அஞ்சு வக்து தொழுகையிலயும் அவங்களுக்குத் துஆ கேக்கிறேன். காலையில ஆள் அனுப்பாட்டி எங்கட கெதி என்ன?”

சித்தி றலியா அதை அப்படியே வீட்டில் சொன்னாள். ஹாஜியார் வெற்றிலையை மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். ஆள் அனுப்பியதாக அவருக்கு ஞாபகமில்லை. றவூப் தம் பேரில் ஏதோ ஒழுங்கு செய்திருப்பான் என்று எண்ணிக்கொண்டார். நன்றி வாங்குகிறவர்கள் எதற்கென்று கேட்பது குறைவு. “அல்ஹம்துலில்லாஹ். நம்மளால ஏலுமானத செய்யிறோம்” என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இரண்டு பேரிடம் சொன்னார். இரண்டாம் மாதம் முடிவதற்குள், ஒரு கைம்பெண்ணின் குடும்பத்தை ஹாஜியார் தாங்குகிறார் என்பது ஊருக்குத் தெரிந்த செய்தியாகிவிட்டது.

இப்படி மூன்று மாதமாக ரபீகா ஹாஜியாரின் ஆயுளுக்காகக் கையேந்தினாள். சுவக்கினின் ஆயுளுக்காகக் கேட்க யாருமில்லை. அது கொஞ்சம் கேட்கப்பட வேண்டிய நிலையில்தான் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த இருமல் மாறிவிட்டது. முன்பு ஒன்று போட்டு நிறுத்துவான். இப்போது ஒன்று தொடங்கினால் நாலைந்து இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்து ரபீகா கவனித்தாள்.

“அந்த மனிசனுக்கு நெஞ்சில சளி. கேட்டியா கைரியா?”

அடுத்த நாள் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் இருந்தது. மஹ்மூதின் பீங்கான் கோப்பை, நீலக் கோடு போட்டது. மறுநாளும் இருந்தது. ஒவ்வொரு நாளும் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மூன்று மாதத்துக்குமேல் போன ஒரு நாள் காலையில், ஹாஜியார் கடையில் சாப்பிட வந்த நடராஜா கை கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். நடராஜா, புறக்டர் என்ற வழக்கறிஞர் ஒருவரின் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் இருந்தால் முஸ்லிம் கடையில் கை நனைக்காதவர். கண்டியில் பசி அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தது, சாதி என்ற மற்றதைத் தளர்த்தவில்லை. சுவரில் துடைப்பம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் சுவக்கின் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான்.

“ஓய்! இவன் தெருக் கூட்டுறவன் எல்லோ? இவன்ர கையாலயோ நாங்கள் இவ்வளவு நாளும் திண்டனாங்கள்?”

கடை முழுக்கக் கேட்டது. நாலு பேர் இலையை விட்டு எழும்பினார்கள். ஒருவர் வாய்க்குள் விரலை விட்டார். ஹாஜியார் பின்பக்கம் ஓடி வந்தார். றவூப் தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தான்.

“எனக்கு ஒண்டுமில்ல,” என்றார் ஹாஜியார் எல்லோரையும் பார்த்து. “இஸ்லாத்தில சாதி இல்ல. ஆனா யாவாரம் எண்டு ஒண்டு இரிக்கே.” முந்நூறு இடியப்பமும் சாக்கடைக் காணுக்குள் கொட்டப்பட்டது. அதைத் துப்புரவாக்குகிற வேலை சுவக்கினுடையது. ஆகவே அதையும் அவன்தான் கூட்டி அள்ளினான்.

வெயில் ஏறியபோது கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. வழக்கத்துக்கு மாறாக, கூடையை வைத்த பிறகும் ஆள் போகவில்லை.

“அம்மா, பேசக்கூடாதுன்னு தெரியும். நீங்க பேச வேணாம். நான் சொல்லிட்டுப் போயிடுறேன்.” தேயிலைத் தோட்டத்துப் பேச்சு. உள்ளே ரபீகாவும் கைரியாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “எம் பேரு சுவக்கின். தெருக் கூட்டுறவன். என்னய யாரும் அனுப்பல. மஹ்மூத் நானா தினம் எனக்குத் தின்னக் குடுப்பாரு, போற வழிதானேன்னு எடுத்துட்டுப் போனேன். இன்னிக்குப் பாத்துட்டாங்க. கொட்டிட்டாங்க. இனி அரிசி குடுக்க மாட்டாங்களாம். எம் புத்தி கெட்டுப்போச்சு, ஒங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன்.”

இருமல் வந்து நின்றது.

“கோப்பைய இன்னிக்கும் கழுவித்தான் வச்சிருக்கேன். ஆளு தெரியாமத் தந்தீங்க. வேணாம்னா ஒடச்சுப் போட்டுடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

அவன் போய்விட்டான். கைரியா கதவைத் திறந்து கூடையையும் கோப்பையையும் உள்ளே எடுத்தாள். கூடையில் அரிசி இல்லை. ரபீகா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். ஆள் தெரிந்திருந்தால் இதைக் கொடுத்திருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொடுத்திருக்க மாட்டாள். சிரட்டை ஒன்றைத் தேடியிருப்பாள். புருஷன் ஆறு வருடம் யாரோடு ஒரே இலையில் தின்றான் என்பதை அவன் அவளுக்குச் சொல்லாமல் இருந்ததன் காரணம் இப்போது விளங்கியது. அந்த வெட்கம் அவளுக்குப் பசியைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் சித்தி றலியா வந்தாள். கூடவே ஒழுங்கைப் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டி வந்தாள். கதிரையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

“ஹாஜியாருக்குக் கோபம் இல்ல ரபீகா. ஒனக்குத் தெரியாது எண்டு நான்தான் சொன்ன. நாளைக்கே எங்கட ஆள் வருவாரு. அரிசியும் வரும். நீ ஒண்டும் செய்யத் தேவல்ல. இந்தப் பொம்புளைகளுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லு: எனக்குத் தெரியாது, அந்தச் சக்கிலியன் ஏமாத்திப்போட்டான் எண்டு. ஊர்ல பேச்சு நிக்கணுமே. இந்தக் கூடைய அடுப்பில வெச்சிரு, புதுக் கூட நான் தாறேன்.”

“ஏமாத்தின எண்டா?” என்றாள் ரபீகா. “முந்நூறு குடுத்தா முந்நூறும் போய்ச் சேந்திச்சு. அஞ்சு கொத்து அளந்தா அஞ்சு கொத்தும் வந்திச்சு. எதில ராத்தா ஏமாத்தின?”

“வாய்க்கு வாய் பேசாத புள்ள. நாங்க ஒனக்கு மூணு மாசமா…”

சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். ரபீகாவின் குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

“மூணு மாசமா ஒங்கட ஹாஜியாருக்குத்தான் துஆ கேட்டேன் ராத்தா. ஆள மாத்திக் கேட்டிரிக்கிறேன். பரவாயில்ல, அல்லாஹ் ஆள் மாறிக் குடுக்க மாட்டான். படியளக்கிறவன் அவன் எண்டு ஜனாஸா எடுக்க முந்தி வாசல்ல ஹாஜியார்தான் சொன்ன. அளந்த கைய வெட்டிப்போட்டு அரிசிய மட்டும் எடுக்க எனக்கு ஏலாது.”

“அப்ப பட்டினி கெட,” என்று சித்தி றலியா எழும்பினாள். “குமர்ப் புள்ளைய வெச்சிக்கிட்டு இந்த ஆணவம்!”

ஒரு பெண் வாசலைத் தாண்டும்போது மற்றவளிடம், “மௌத்தாப் போன மஹ்மூத்ட புத்திதான் இவளுக்கும்” என்றாள். அதைத் திட்டாகத்தான் சொன்னாள்.

பிறகு வந்த எட்டு நாளும் மோசமானவை. முதல் மூன்று நாள் சேமித்திருந்த அரிசியில் கஞ்சி. பிறகு பலாக்கொட்டை. பிறகு மரவள்ளிக் கிழங்கு கொஞ்சம், பின்வீட்டுச் சிங்களக் கிழவி வேலிக்கு மேலால் நீட்டியது. கண்டியில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஹாஜியாரின் கடைப் பின்னறையில் மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஆண்டவன் உணவு தருகிறானா என்று கேட்கிறவர்கள், தந்ததை யார் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

ஆறாம் நாள் பாயிஸா பசியில் அழவும் இல்லை, சுருண்டு படுத்துவிட்டாள். கைரியா தாய்க்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு வார்த்ததானே உம்மா. சொன்னா என்ன? அந்த மனிசனுக்குக் கேக்கவும் கேக்காது.”

“எனக்குக் கேக்குமே.”

“தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆனா?”

ரபீகா பாயிஸாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே படுத்துக்கொண்டாள். கைரியா பக்கத்தில் வந்து படுத்தபோது மெதுவாகச் சொன்னாள்: “நான் செய்றது சரியா எண்டு எனக்கே தெரியாது புள்ள. நாளண்டைக்கும் ஒண்டும் வராட்டி மறுநாள் காலையில நானே ஆள் அனுப்பி ராத்தாவக் கூப்பிடுவேன். சொல்லச் சொன்னதச் சொல்லுவேன்.”

அதுதான் உண்மை. இரண்டு நாள் தவணை போட்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் நம்பிக்கை பலமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. அது அவளிடம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ஒன்பதாம் நாள் காலையில் கதவுக்கு வெளியே இருமல் கேட்டது.

படியில் கூடை இல்லையே, ஏன் வந்தான் என்று அவள் திகைத்தாள். அகப்பையைத் தேடி இரண்டு தட்டினாள். கதவைத் திறந்தபோது ஆள் இல்லை. படியில் கிடந்த ஒரு சாக்கில் மூன்று கொத்துக்கு மேல் அரிசி இருந்தது. கையை விட்டு அளைந்தாள். சிவப்பரிசி, வெள்ளை நாட்டரிசி, சம்பா, குறுணி எல்லாம் கலந்திருந்தன. ஒரு கடையில், ஒரு மூட்டையில் வாங்கிய அரிசி அல்ல.

மதியம், தெருக் கூட்டுகிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து மார்கிரட் வந்தாள். சுவக்கினின் அக்கா. பெண்பிள்ளை என்பதால் உள்ளே வந்து விஷயத்தைச் சொல்ல அவளால் முடிந்தது. வாசலிலேயே குந்தினாள்.

“உள்ள வந்து இரிங்க,” என்றாள் ரபீகா.

“பரவால்லீங்க.”

“ஒங்களுக்குப் பரவாயில்ல, எனக்கு அப்பிடி இல்ல. உள்ள வாங்க.”

மார்கிரட் உள்ளே வந்து, கதிரை நுனியில் உட்கார்ந்தாள். “ஒரு வாரமா தம்பி லயத்துல வீடு வீடா ஏறி எறங்கிச்சு. வெடிய வெடிய எங்க ஆளுங்க முப்பது பேரு பெரட்டுக்கு நிப்பாங்க, பேரு கூப்பிட்டு வேலைக்கு அனுப்புற எடத்துல. வெறும் வயிறுதான். கடைக்குப் போனா செரட்டையில தேத்தண்ணி, தின்ன எடமில்ல. வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி போடுங்க, அந்தம்மா இடியப்பமா அவிச்சுத் தரும்னு கேட்டிச்சு. மொதல்ல யாரும் ஒத்துக்கல. முஸ்லிம் வீட்டம்மா நமக்கு அவிச்சுத் தருமான்னு சிரிச்சாங்க. நீங்க தம்பிய விட்டுக் குடுக்காதது லயத்துக்குத் தெரிய வந்த பொறவுதான் அரிசி வந்திச்சு. ஒங்களுக்கு ஒரு பங்கு எடுத்துக்கணும்னு சொல்லிச்சு.”

ரபீகா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழும்பி உரலைத் துடைத்தாள்.

கலப்பரிசி மா சரியாகப் பிழியவில்லை. இடியப்பம் புள்ளி புள்ளியாக, உடைந்து உடைந்து வந்தது. முப்பது பேரும் பெரட்டுத் திடலில் குந்தியிருந்து தின்றார்கள். “ஹாஜியார் கடை இடியப்பம் சும்மா வெள்ளையா இருக்கும், நம்மளுது சாயம் போட்ட இடியப்பம்டா” என்று ஒருவன் பகிடி பண்ணினான். ரபீகாவின் பங்கு முன்பு கிடைத்ததில் பாதிகூட வராது. சில நாள் லயத்திலும் அரிசி இருக்காது, அன்று சாக்கு வராது. ஒரு நாள் சாக்குக்குப் பதில் விறகும் ஒரு தேங்காயும் வந்தன. போதும் என்று சொல்லும்படி ஒருநாளும் இருக்கவில்லை. பாயிஸா மட்டும் எழும்பி விளையாடத் தொடங்கினாள்.

“உம்மா,” என்றாள் கைரியா ஒரு நாள் மாச் சலித்துக்கொண்டே. “அல்லாஹ் அனுப்பினதா, அந்த மனிசன் தானாத்தான் வந்ததா?”

“எனக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

“அது எப்பிடி?”

“இதுக்கு மேல வெளக்க எனக்கு ஏலாது. தூக்கம் வருது. சல்லடையத் தா.”

இத்தா முடிய பத்து நாள் இருக்கும்போது இருமல் நின்றுபோனது. கூடையை எடுக்க மார்கிரட் வந்தாள். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், “தம்பிக்கு ரத்தமா வருதுங்க” என்றாள். தூசியும் மழையும் தின்ற நெஞ்சு. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்பது இந்தத் தீவெங்கும் எல்லாக் கூலிக்காரர்களுக்கும் எழுதப்பட்ட வேதம். ஆகவே அவன் நிற்க முடியாமல் விழும்வரை கூட்டியிருந்தான்.

அந்தப் பத்து நாளும் ரபீகாவுக்கு முன்னைய நான்கு மாதத்தையும்விட நீளமாக இருந்தன. காலையில் பலகைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்று பார்ப்பாள். தொழுகைப் பாயில் இப்போது சரியான பெயர் தெரியும். சொன்னாள்.

இத்தா கழிந்த நாள் குளித்து, வெள்ளையைக் களைந்தாள். அன்று முதன்முதலாக வெளியே போகும் பெண் உறவுக்காரர் வீட்டுக்குப் போவாள். இல்லாவிட்டால் ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்வாள். ஒழுங்கைப் பெண்கள் யன்னலில் காத்திருந்தார்கள். ரபீகா ஒரு கையில் கொத்தமல்லித் தண்ணீர்ச் செம்பு வைத்த கூடையும் மறு கையில் கோப்பையுமாக ஹாஜியார் வீட்டு வாசலைக் கடந்தாள். சித்தி றலியா வாசலில்தான் நின்றாள்.

“எங்க புள்ள போற, கோப்பையும் கையுமா?”

“அரிசி தந்தவங்கட வீட்டுக்கு ராத்தா.”

நாலு மாதம் நடக்காத காலோடு மேட்டில் ஏறினாள். இரண்டு தடவை மதிலில் கை ஊன்றி நின்றாள். லயம் வரிசையில் ஆறாவது கதவு என்று மார்கிரட் சொல்லியிருந்தாள். தகரக் கூரை, பலகைக் கதவு, சாத்தியிருந்தது. லயத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு முஸ்லிம் பெண் அந்த வரிசையில் ஏறி அவர்கள் கண்டதில்லை.

கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது, என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. வேற்று ஆணை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் என்பதா, நானா என்பதா? அவன் அவளைவிட மூத்தவனா என்பதுகூடத் தெரியாது. முகத்தையே அவள் கண்டதில்லை.

கூடையைப் படியில் வைத்தாள். தொண்டையைச் செருமி, ஒரு தடவை இருமினாள்.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பிந்திவிட்டேன் என்று நினைத்தாள்.

பிறகு கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். ஒன்று. கொஞ்சம் மூச்சு வாங்கி, இன்னொன்று.

“தெறந்துதான் கெடக்கு அம்மா,” என்றது தேய்ந்த குரல். “தள்ளுங்க. இங்க இத்தாவெல்லாம் இல்ல.”

ரபீகா கூடையை எடுத்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொத்தமல்லித் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி, அவன் கையிலேயே கொடுத்தாள்.